வீரம்மாவுக்கு ஒத்துவரும் ரேடியோ

ரேடியோவை முதலில் குலுக்கித்தான் பார்ப்பார் வீரம்மா. சந்தையில் தேங்காய் பார்க்கிற மாதிரி காதோரம் வைத்து இரண்டு குலுக்கு. உள்ளே ஏதாவது லொடக்கென்றால் மறுபேச்சே கிடையாது, செட் மேஜைக்குத் திரும்பிவிடும். குலுக்கலில் தேறியதை அடுத்தபடி மோந்து பார்ப்பார். பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி வைக்கிற குழிக்குள் மூக்கை விட்டு நன்றாக ஓர் இழுப்பு. ஒரு தடவை பேட்டரி ஒழுகிய செட்டில் அந்தப் புளித்த வாடை எத்தனை துடைத்தாலும் போகாது என்பது அவர் கட்சி.

"புதுசுங்கம்மா. இப்பத்தான் பெட்டியப் பிரிச்சேன்," என்பார் கடைக்காரர் சில்வஸ்டர்.

"புதுசுன்னு பெட்டிதானே சொல்லுது மொதலாளி. மூக்கும் சொல்லட்டும்."

கோத்தகிரி கடைவீதியில் சில்வஸ்டரின் ரேடியோக் கடை, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவுதான். விற்பனை பாதி, ரிப்பேர் பாதி. எஸ்டேட் ஜனங்கள் லீவில் இறங்கி வரும் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வியாபாரம். முதல் பூசையைப் பார்த்துவிட்டு வந்து, கடையைத் திறந்து, மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினால் வாசலில் வீரம்மா நிற்பார். அரவேணுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவர். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஊரில் 'சிலோன்காரங்க' என்பார்கள். கடைக்காரரை முதலாளி என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்துப் பழக்கம். கோத்தகிரிக்காரர்கள் யாரும் தன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால், சில்வஸ்டர் அந்த ஒரு சொல்லுக்காகவே பல ஞாயிறுகளைப் பொறுத்துக்கொண்டார் என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் முனியசாமி சொல்லிச் சிரிப்பார்.

பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் தொடங்கிய தேடல், உறைபனி விழுகிற மாதம் வந்தும் முடியவில்லை. வீரம்மாவிடம் ஒரு செட் தேறுவதற்குள் பெண் பார்க்கப் போகிறவர்களே தேவலை என்றாகிவிடும். ஸ்டேஷன் பிடிக்கிற சக்கரத்தை மயிரிழை முன்னால் திருப்புவார், மயிரிழை பின்னால் திருப்புவார். முள் உடனே வர வேண்டும். கொஞ்சம் தங்கி வந்தால், "கை போயி நிக்குது, முள்ளு சுணங்கி வருது. மாமியா கூப்புட்ட மருமக மாதிரி," என்று தள்ளிவிடுவார். சிற்றலையில் அவருடைய ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் அரபு, அந்தப் பக்கம் சீனம், நடுவில் விரற்கடை இடம். ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கேட்டால், "பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் உள்ளுக்கு வருது, ஏலாது," என்பார். ஏரியலை முழுதாக இழுத்து, நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கோயமுத்தூரில் பாகம் பூட்டிய செட், பம்பாயிலிருந்து வந்த செட், துறைமுகம் வழியாக யார் கையிலோ வந்துசேர்ந்த ஜப்பான் செட் எல்லாமே அவர் கையில் ஒரு குலுக்காவது வாங்கியிருக்கின்றன. விலையில் மட்டும் அவர் பேரமே பேசியதில்லை.

இத்தனைக்கும் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்டேஷன், அதிலும் ஒரே ஒரு நிகழ்ச்சி. அது எதுவென்று தெரிந்த முதல் ஞாயிறை சில்வஸ்டர் லேசில் மறக்கமாட்டார்.

அன்றைக்கும் மெழுகுவத்தி அப்போதுதான் பற்றியிருந்தது. போணி ஆகவில்லை. புத்தம் புதிய செட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, முதல் சத்தமாக நல்ல பாட்டொன்று வரட்டும் என்று அவர் தேடிக்கொண்டிருக்கையில், வீரம்மா கையை நீட்டிச் சக்கரத்தைத் தன் பக்கம் திருப்பினார். "மரண அறிவித்தல்," என்றது செட், தெளிவாக. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று, அவசரமே இல்லாத குரலில், ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். இலங்கை வானொலியில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பது வழக்கம் என்பது சில்வஸ்டருக்கும் தெரியும். ஆனால் திறக்காத வியாபாரத்தில், பிரிக்காத செட்டில், மாதா படத்துக்கு முன்னாலா?

"ஏனுங்கம்மா, காலங்காத்தால கடைக்குள்ள எழவுச் சேதியக் கொண்டாந்து வெக்கறீங்களே! பாட்டு வெச்சுப் பாருங்க. பாட்டு நல்லாக் கேட்டா இதும் நல்லாத்தானுங்க கேக்கும்?"

"பாட்டுல ஒரு சொல்லு விட்டுப்போனா ஒண்ணும் கெட்டுப்போகாது மொதலாளி. இதுல ஒரு பேரு விட்டுப்போனா?"

வீரம்மா கேட்பது ஒரு பெயருக்காக. கேட்பது என்றால், அந்தப் பெயர் வரக்கூடாதே என்று கேட்பது. ஒச்சப்பன் என்பது அவருடைய அண்ணன் பெயர். அங்கே ஒரு தோட்டத்தில் கோயில் கமிட்டித் தலைவர். யாருக்கு எந்த நாடு என்று இரண்டு சர்க்கார்களும் பங்கு பிரித்தபோது அண்ணன் அங்கேயே இருக்கப் பதிந்தார், தங்கை புருஷனோடு இந்தியாவுக்குப் பதிந்தார். கேட்காமல் பதிந்துவிட்டாள் என்று அண்ணனுக்குக் கோபம். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்குப் போகிற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பேர் வைத்திருந்தார்களாம். பெட்டிக்குள்ளும் வெளியிலும் அப்படி அழுகை. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, ஒச்சப்பன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். வண்டி நகரும்போது சொன்னது இதுதான்: "போறவ போ. நான் செத்தா ரேடியோவுல சொல்லுவாங்க. அப்ப கேட்டுக்க."

அண்ணனுக்கும் எழுதத் தெரியாது, தங்கைக்கும் எழுதத் தெரியாது. யாரிடமாவது சொல்லி எழுதியிருக்கலாம்தான். யார் முதலில் எழுதுவது என்பதில் இரண்டு பேருமே ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதனால் வீரம்மா அண்ணன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் பெயர்கள் வாசித்து முடிகிறவரை கேட்பார். ஒச்சப்பன் என்ற பெயர் வரவில்லையா, அண்ணன் இருக்கிறார். அதன்பிறகுதான் அன்றைய தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

"செத்தவங்க பேரக் கேட்டாத்தான் மொதலாளி, இருக்கிறவங்க இருக்காங்கன்னு விளங்கும்," என்று அன்றைக்கு அவர் சொன்னார்.

கப்பலில் கூடவே வந்த பழைய செட்தான் அவரை இந்த அலைச்சலுக்கு விட்டது. வயசாகி, பேச்சுக்கு நடுவே மூச்சடைத்துப் போவதை அது வழக்கமாக்கிக்கொண்டது. ஒரு நாள் காலை, அண்ணன் ஊரைச் சொல்லி, கோயில் தலைவர் என்றும் சொல்லி, பெயர் வருகிற இடத்தில் செட் அப்படியே அடங்கிவிட்டது. வீரம்மா தட்டினார், குலுக்கினார், வெயிலில் வைத்தார். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நேரே குழாயடிக்குப் போய் அந்தக் குளிரில் இரண்டு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு ஒப்பாரி வைக்க உட்கார்ந்துவிட்டார். வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து ஜனமே கூடி அழுதது. சாயங்காலம் அரவேணுக் கடை ரேடியோவில் மறுபடி வாசித்தபோது அது அடுத்த தோட்டத்துத் தலைவராம், பெயரும் வேறாம். "உசிரோட இருக்கிற அண்ணனுக்குத் தலை முழுகிட்டேன் மொதலாளி," என்று அதைச் சொல்லும்போது வீரம்மாவுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். சளிக் காய்ச்சல் விட்ட அடுத்த ஞாயிறே ரேடியோ பார்க்கக் கிளம்பிவிட்டார்.

இதைக் கேட்ட பிறகு சில்வஸ்டரால் விரட்டவும் முடியவில்லை, கடைக்குள் இழவுச் செய்தியை விடவும் மனசு வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒற்றைக் காதில் மாட்டுகிற குழல் ஒன்று மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்தது. அதன் குச்சியை செட்டின் விலாவில் சொருகினால் வெளிச்சத்தம் நின்றுவிடும், மாட்டியவர் காதுக்கு மட்டும் கேட்கும். மாதாவுக்கும் குறையில்லை, வீரம்மாவுக்கும் குறையில்லை. அதிலிருந்து ஞாயிறு காலைகளில் கடையின் பெரிய ரேடியோவில் பக்திப் பாட்டு ஓடும், மேஜையோரம் வீரம்மா கண்ணை மூடி நிற்பார். கொஞ்ச நாளில் சில்வஸ்டரும் பாட்டை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்க்கத் தொடங்கினார். முகம் சுருங்கினால் செட்டில் இரைச்சலா, பெயர் வந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்திராத அந்த ஒச்சப்பனைப் பூசையில் தன் வேண்டுதலோடு அவர் சேர்த்துக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். சாமியாரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கடைக்குள் கேட்டது போதாது என்பார் வீரம்மா. "மேட்டுல நின்னு பாடாத ரேடியோ ஏது மொதலாளி? எங்க லயம் குழிக்குள்ள, தகரத்துக்குக் கீழ இருக்கு." ஆகவே கடைசிப் பரீட்சைக்கு செட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் போவார். ஊரிலேயே எந்த அலையும் எட்டிப்பார்க்காத இடம் அது. பணம் கட்டாத செட்டை எப்படி வெளியே விடுவது என்று சில்வஸ்டர் முதல் தடவை இழுத்தபோது, வீரம்மா புருஷனை முன்னால் தள்ளிவிட்டார்.

"இவர வச்சுக்குங்க. நான் வந்ததும் குடுங்க."

"இவர வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

"தேத்தண்ணி நல்லா ஊத்துவாரு."

அப்படியாக ஞாயிறுதோறும் அடகுப் பொருளாக வந்து முக்காலியில் உட்கார்ந்தார் இசக்கிமுத்து. தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மிஷின் பக்கத்திலேயே காலம் கழித்தவர். மிஷின் அவர் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. அவருக்கு எதுவும் கேட்காது என்பதால், அவர் பேசுவது ஊருக்கே கேட்கும். ரேடியோக் கடையில் இப்படியொரு ஆளை உட்காரவைத்திருப்பதைப் பார்த்து முனியசாமிக்கு ஒரே கொண்டாட்டம். இசக்கிமுத்துவோ யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சிரித்துவிட்டு, மடியில் குடையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருப்பார்.

வீரம்மாவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கடைசிப் பெயர் முடிந்ததோ இல்லையோ, கட்டைவிரல் சக்கரத்தில் ஒரே தள்ளு, டிக். செட் அடங்கிவிடும். கடைப் பேட்டரியாக இருந்தாலும் அப்படித்தான்.

"அடுத்தாப்ல பாட்டு வருதுங்கம்மா. ஒண்ணு கேட்டுட்டுத்தான் மூடுங்களே."

"பாட்டுக்கா பெட்டரி வாங்குறோம்?"

சில்வஸ்டர் நேர் எதிர். அவருக்கு இலங்கை வானொலி என்றாலே பாட்டுதான். பாட்டுக்கு நடுவே வருகிற வாழ்த்துகள் அதைவிட ருசி. கடலுக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் யார் யாரோ யார் யாருக்கோ பிறந்தநாளும் பொங்கலும் வாழ்த்துவார்கள். அதில் ஒன்றுக்காக அவரும் முனியசாமியும் வருஷா வருஷம் தை மாதத்தில் காத்திருப்பார்கள். "இந்தியா, ஊட்டி மலையில் வசிக்கும் அன்புத் தங்கை கொழுக்கட்டைக்கு, பெரியண்ணன், அண்ணி, பிள்ளைகளின் பொங்கல் வாழ்த்துகள்." அறிவிப்பாளர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் அதைப் படிப்பதுதான் வேடிக்கை. கடைவீதியில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. குண்டாக யார் போனாலும் முனியசாமி ஊசியை நிறுத்திவிட்டு, "அதா போறாங்க, கொழுக்கட்டை," என்பார்.

இந்தத் தையில் அந்த வாழ்த்து இன்னும் வந்திருக்கவில்லை. பொங்கல் கழிந்த ஞாயிறு. சில்வஸ்டர் புதிதாக வந்த கறுப்பு செட் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். கைக்கு அடக்கமானது. பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில், நுணுக்கமாகத் திருப்ப ஒரு குட்டிச் சக்கரமும் இருந்தது. வீரம்மா குலுக்கினார், பேசவில்லை. மோந்தார், பேசவில்லை. குட்டிச் சக்கரத்தை உருட்டினார். அரபும் விலகியது, சீனமும் விலகியது, பெயர்கள் தனியாக வந்தன. செட்டோடு ரோட்டைக் கடந்து போனார். வீரம்மா குறை சொல்லாமல் ஒரு செட்டோடு படியிறங்கியது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போதும் குழல் காதிலேயே இருந்தது. தகரத்துக்குக் கீழும் செட் பேசியிருக்க வேண்டும். அந்த சந்தோஷத்தில் கடைசிப் பெயர் வரை கேட்டுவிடலாம் என்று, கண்ணை அரைவாசி மூடியபடி ரோட்டில் இறங்கிவிட்டார். வளைவில் முட்டைக்கோஸ் லாரி வந்தது. ஹாரன் அடித்தது. ஒரு காதில் குழல், இன்னொரு காதைச் சுற்றி மப்ளர். வீரம்மாவுக்குக் கேட்கவில்லை. ஹாரன் இசக்கிமுத்துவுக்கும் கேட்கவில்லைதான், ஆனால் அவர் கண் ரோட்டில் இருந்தது. முக்காலி உருள எழுந்து, ஃபேக்டரி மிஷினையும் மீறுகிற குரலில் கத்தினார்:

"ஏய் கொழுக்கட்டே! லாரி!"

அந்தப் பெயர் குழலையும் மப்ளரையும் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. வீரம்மா விலுக்கென்று பின்னால் குதித்தார். லாரிக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். கடைக்குள் வந்த வீரம்மா, குழலைக் கழற்றி, செட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் புருஷன்மேல் பாய்ந்தார். கோபம் லாரிக்காக இல்லை.

"கடைத்தெருவுல அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுவியா? இந்தியாவுக்கு வந்து ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேனா நானு?"

முனியசாமி தைத்துக்கொண்டிருந்த துணியோடு வாசலுக்கு வந்துவிட்டார். சில்வஸ்டர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்தப் பேரு... உங்களுக்கு யாருங்க வெச்சது?"

"யாரு வைப்பா? அண்ணந்தான். சின்னப்புள்ளையில கன்னம் உப்பலா இருந்திச்சாம். விடுங்க மொதலாளி, மானம் போகுது."

"விட முடியாதுங்கம்மா," என்றார் சில்வஸ்டர். "வருசா வருசம் தை மாசத்துல ரேடியோவுல வாழ்த்து வருதுங்க. ஊட்டி மலையில இருக்கற தங்கச்சி கொழுக்கட்டைக்குன்னு. பெரியண்ணன், அண்ணி, புள்ளைங்கன்னு. நானும் இவரும் கேட்டுக் கேட்டுச் சிரிச்சிருக்கறமுங்க."

"பொய் சொல்லாதீங்க."

"மாதா சத்தியமுங்க."

முனியசாமியும் தலையாட்டினார். அவர் முகத்தில் கேலி இல்லை.

வீரம்மா இசக்கிமுத்துவின் முக்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். "எப்ப வரும்? காலையிலயா?"

"காலைலதானுங்க. இந்த மரண அறிவித்தல் முடிஞ்சு, ரெண்டு மூணு பாட்டுத் தள்ளி."

ரெண்டு மூணு பாட்டு. அத்தனை வருஷமும் அண்ணன் ரெண்டு மூணு பாட்டுத் தள்ளி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர் டிக்கென்று மூடிவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னா? என்னாவாம்?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

வீரம்மா அவர் காதருகே குனிந்து கத்தினார்: "அண்ணன் ரேடியோவுல வாழ்த்துச் சொல்லியிருக்காரு. வருஷா வருஷம். நாம மூடிட்டோம்!"

"நாமவா? நான் எங்க மூடினேன்? நீதானே!"

முனியசாமிதான் முதலில் சிரித்தார். வீரம்மாவும் அழுதபடியே சிரித்துவிட்டார். மேஜைமேல் கிடந்த குழலிலிருந்து கொசு ரீங்காரம்போல ஒரு குரல் பேசிக்கொண்டேயிருந்தது. அன்றைய பெயர்களில் பாதி அப்படியே கேட்பாரின்றிப் போயின. அதை சில்வஸ்டர் கவனித்தார்; வீரம்மா கவனிக்கவில்லை.

வீரம்மா தலை நிமிர்ந்தார். "இந்த வருஷம் சொன்னாரா?"

சில்வஸ்டருக்குப் பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "இன்னும் வரலீங்க," என்றார். "தை முடிய நாளிருக்குதுங்கம்மா. போன வருசமும் பொங்கல் போயித்தான் வந்துச்சுங்க."

வீரம்மா குழலை எடுத்து முந்தானையில் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டார். அறிவித்தல் முடிந்திருந்தது போலிருக்கிறது. கட்டைவிரல் தன் பழக்கத்தில் சக்கரத்துக்குப் போனது. போன இடத்தில் நின்றது. சில்வஸ்டர் அந்த விரலையே பார்த்தார்.

விரல் சக்கரத்தை விட்டு நகர்ந்தது. வீரம்மா செட்டின் விலாவில் சொருகியிருந்த குச்சியைப் பிடுங்கி எடுத்தார். பாட்டு கடை முழுக்கப் பரவியது. செட்டை இசக்கிமுத்துவின் பக்கமாகத் திருப்பி வைத்து, சத்தத்தைக் கடைசிவரை திறந்துவிட்டார்.